டர்போ காருக்குத் தடித்த ஆயிலா, சீக்கிர ஆயிலா? கடலூர் வெயிலுக்கு ஒரு கணக்கு

டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சக்கரம்) உள்ள பெட்ரோல் கார் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆனதும், கடலூர்-புதுச்சேரிப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. ஷோரூம்காரர்கள் சொல்கிறபடி வருடத்துக்கு ஒரு சர்வீஸ் என்று விட்டுவிடுவதா? நம்ம ஊர் வெயிலுக்கு என்று கொஞ்சம் தடித்த ஆயிலுக்கு மாறுவதா? இல்லை, அதே ஆயிலைப் பாதி கிலோமீட்டரில் மாற்றிக்கொண்டே போவதா? மூன்று கட்சிக்கும் ஊரில் ஆள் உண்டு. மூன்றிலும் விவரம் தெரிந்தவர்களே இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. வெயிலுக்கு என்று ஒதுக்கும் பணம் முதலில் ஆயில் மாற்றும் இடைவெளிக்குப் போக வேண்டும், அடுத்து கூலண்டுக்கு, அதாவது இன்ஜினுக்குள் ஓடிச் சூட்டை எடுக்கும் திரவத்துக்கு. தடித்த ஆயில், விலை கூடிய பெட்ரோல், டர்போ டைமர் (சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடும் கருவி) எல்லாம் அதற்கு அப்புறம். சிலவற்றுக்கு அந்த அப்புறமும் கிடையாது.

நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. அதனால்தான் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் நிற்கும் குடும்பக் காரில்கூட 1 லிட்டர், 1.2 லிட்டர் டர்போ வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு முன்பு டர்போ என்றாலே டீசல்தான். டீசலில் பழகிய கையோடு பெட்ரோல் டர்போவைத் தொடுவதால்தான் பாதிக் குழப்பம். டீசலில் டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு பெரும்பாலும் 700, 800 டிகிரியை ஒட்டி நிற்கும். பெட்ரோலில் முழுசாக மிதித்தால் 900-ஐத் தாண்டும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது இரும்பு அல்ல, மெல்லிய ஆயில் படலம். அந்த ஆயில்தான் தண்டை உராயாமல் காப்பாற்றுகிறது, சூட்டையும் வெளியே கொண்டுபோகிறது.

வெயில் எங்கே கடிக்கிறது

வெளியே 40 டிகிரி என்பது அந்த 900-க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இன்ஜினுக்குள் ஓடும் கூலண்டின் சூட்டையும் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. மார்கழியானாலும் கத்திரியானாலும் அது 90 டிகிரியை ஒட்டியே நிற்கும். அப்படியானால் வெயிலைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். கவலைப்பட மூன்று இடம் இருக்கிறது.

முதல் இடம், இன்ஜின் இழுக்கும் காற்று. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. 25 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். வேகமாக அமுக்கினால் காற்று இன்னும் சூடாகும். அதை ஆற்ற வேண்டிய இன்டர்கூலர்மேல் வீசுவதும் அதே வெயில் காற்றுதான். சூடான காற்று சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் (கலவை ஒழுங்காக எரியாமல் வெடித்துத் தட்டுவது) வரப் பார்க்கும். அதை மோப்பம் பிடித்து கம்ப்யூட்டர் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தாமதமாக எரிந்தால் வெளியேறும் புகை இன்னும் சூடு. அந்தப் புகை போய் விழுவது டர்போவின் மேல். வண்டி மே மாதத்தில் மந்தமாக இருப்பதாகவும் மைலேஜ் குறைவதாகவும் பலர் சொல்வது கற்பனை இல்லை.

இரண்டாவது, ஊர்ந்து போகும் போக்குவரத்து. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் முள்ளோடை தாண்டி, தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் என்று காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் காற்று கொடுக்க வண்டியின் வேகம் கிடையாது, ஃபேன் ஒன்றுதான். ஏசி கண்டென்சர் தன் சூட்டையும் ரேடியேட்டர் முகத்தில்தான் ஊதுகிறது. ஈசிஆரில் சென்னை வரை 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிற இன்ஜினுக்கு இந்த ஒரு மணி நேரத்தைவிட வாழ்க்கை சுலபம்.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை: வண்டியை நிறுத்திய பிறகு. சாவியைத் திருப்பியதும் ஆயில் பம்ப் நின்றுவிடும். டர்போவின் சூடு எங்கும் போகாது. நடுவில் தேங்கிய கொஞ்சம் ஆயிலைக் காய்ச்ச ஆரம்பிக்கும். காய்ந்த ஆயில் கரியாகிப் படியும். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். துவாரத்தைச் சுற்றி, தோசைக்கல் ஓரத்தில் எண்ணெய் காய்ந்து ஏறும் அந்தக் கருப்புப் பொருக்கு. ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். துவாரம் பாதி அடைந்தால் ஆயில் வரத்தும் குறையும், அப்புறம் டர்போ போக நாள் பார்க்க வேண்டியதில்லை. நம்ம ஊரில் இன்ஜின் பெட்டி ஆறவே நேரமாகும். மதியம் இரண்டு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வெயிலில் நிறுத்திய வண்டியின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

தடித்த ஆயில் கட்சி

ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) எடுத்து, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு, “சார், இது தண்ணியா இருக்கு சார். நம்ம வெயிலுக்கு நாப்பது போட்டாத்தான் நிக்கும்” என்பார் மெக்கானிக். “மேனுவல்ல முப்பதுதான் போட்டிருக்கு அண்ணே” என்றால், “அது வெளிநாட்டுக்காரன் எழுதுனது சார்.”

அவர் விரலில் பார்ப்பது ஆறிய ஆயில். டர்போவுக்குள் வேலை செய்வது 100 டிகிரியைத் தாண்டிய ஆயில். 5டபிள்யூ-30 என்பதில் பின்னால் இருக்கும் 30 என்பது 100 டிகிரியில் அளக்கப்பட்ட தடிமனின் பெயர்: 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள். 40 என்றால் 12.5 முதல் 16.3. நல்ல 30 ஒன்று 12-இல் நிற்கும், சுமாரான 40 ஒன்று 13-இல் நிற்கும். டப்பாவில் எழுதிய எண்ணில் தெரிகிற தூரம் டப்பாவுக்குள் பல நேரம் இருப்பதில்லை.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. டப்பாவின் முன்பக்கத்தில் போட மாட்டார்கள். 150 டிகிரி சூட்டில், பாகங்கள் வேகமாக உரசும் நிலையில் ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்ற அளவு, ஹெச்.டி.ஹெச்.எஸ். என்பார்கள். 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. டர்போ பேரிங்குக்கு ஆயில் தடித்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது இதைத்தான், விரல் தேய்ப்பதை அல்ல. அந்த வகையில் 40 கட்சியிடம் நியாயம் இருக்கிறது. 2.9-க்கும் 3.5-க்கும் வித்தியாசம் நிஜம். மேனுவலில் வெப்பநிலைக்குத் தக்க ஆயில் பட்டியல் இருந்து, அதில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் இருந்தால், வாரம் தவறாமல் சென்னைக்கு மிதித்துப் போகிறவர் தைரியமாக 40 போடலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மேனுவலில் 0டபிள்யூ-20 ஒன்றுதான் என்று இருக்கும் இன்ஜினில் 40 ஊற்றுவது வேறு கதை. அந்த இன்ஜினின் ஆயில் பம்ப், வால்வு நேரத்தை மாற்றும் பாகங்கள், உள் இடைவெளிகள் எல்லாம் மெல்லிய ஆயிலை மனதில் வைத்துச் செய்தவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவரை ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். தடித்த ஆயில் தானே உராய்ந்து கூடுதல் சூட்டையும் கிளப்பும். வாரண்டி இருந்தால் அதற்கும் ஆபத்து.

ஆக, தடித்த ஆயில் நல்லதா கெட்டதா என்பது மேனுவலைப் பொறுத்தது. ஆனால் இரண்டிலும் ஒரு விஷயம் மாறாது. பழைய 40-ஐவிடப் புதிய 30 மேல். ஆயில் கெடும் வேகத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவது ஏறத்தாழ இரு மடங்காகும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடி, டர்போவில் நூற்றுக்கணக்கான முறை காய்ந்து, சேர்மானம் தீர்ந்துபோன 40 டிப்ஸ்டிக்கில் தடிப்பாகத்தான் தெரியும். கெட்டுப்போனதால் வந்த தடிப்பு அது.

மேனுவலில் 15டபிள்யூ-40 மினரல் ஆயில் இல்லாவிட்டால் அதைப் பக்கத்திலேயே விடாதீர்கள். டீசல் லாரிக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று பெட்ரோல் டர்போவில் ஊற்றுவதும் வேண்டாம். அதற்குக் காரணம் தடிமன் மட்டும் இல்லை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போக்களில், கியர் உயர்த்தி, குறைந்த சுற்றில், ஏசியோடு அழுத்தி மிதிக்கும்போது சில சமயம் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். எல்.எஸ்.பி.ஐ. என்பார்கள். பிஸ்டனையே உடைக்கக்கூடிய அடி அது. ஆயிலில் கால்சியம் வகைச் சேர்மானம் அதிகம் இருந்தால் அது தூண்டப்படுகிறது என்று தெரிந்த பிறகு, 2018-இல் எஸ்.என். பிளஸ், 2020-இல் எஸ்.பி. என்று அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ. புதிய தரங்களைக் கொண்டுவந்தது. டப்பாவின் பின்பக்கத்தில் ஏ.பி.ஐ. எஸ்.பி. இருக்கிறதா என்று பார்ப்பது 30-ஆ 40-ஆ என்று சண்டை போடுவதைவிட உபயோகம். இதோடு ஒரு பழக்கமும்: பாலத்தில் ஏறும்போது ஐந்தாவது கியரில் 1400 சுற்றில் மூச்சுத் திணற விடாமல் ஒரு கியர் இறக்கிவிடுங்கள். மைலேஜ் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

சீக்கிரம் மாற்றும் கட்சி

நம் நாட்டு டர்போ பெட்ரோல் கார்களுக்குக் கம்பெனிகள் சொல்லும் ஆயில் இடைவெளி பெரும்பாலும் 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர், இல்லாவிட்டால் ஒரு வருடம். எது முதலில் வருகிறதோ அது. விளம்பரத்திலும் விலைப் பட்டியலிலும் வருவது இந்த எண்தான். அதே மேனுவலில் நாலைந்து பக்கம் தள்ளி “கடினமான உபயோகம்” என்று இன்னொரு அட்டவணை பெரும்பாலும் இருக்கும். அதிக வெயில், தூசி, நின்று நின்று போகும் நெரிசல், அடிக்கடி குறுகிய தூரம், உப்புக் காற்று என்று அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள். படித்தால் நம்ம ஊரை நேரில் வந்து பார்த்து எழுதியது போலவே இருக்கும். அந்த அட்டவணையில் இடைவெளி பல வண்டிகளுக்குப் பாதியாகக் குறைகிறது. சர்வீஸ் அட்வைசர் இந்தப் பக்கத்தை உங்களுக்குத் திருப்பிக் காட்டியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

அதனால் சீக்கிரம் மாற்றுவது கம்பெனியை மீறுவது அல்ல. கம்பெனி சின்ன எழுத்தில் சொன்னதைக் கேட்பதுதான்.

இரண்டு வகை ஆளை வைத்துக் கணக்குப் போடலாம். ஒருவர் கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை. தினம் போக வர ஐம்பது கிலோமீட்டர், வருடத்தில் பதினையாயிரம். இவருக்கு 15,000 இடைவெளி என்றால் வருடம் முழுக்க ஒரே ஆயில். அதை 7,500 ஆக்கினால் கூடுதலாக ஒரே ஒரு ஆயில், ஒரு ஃபில்டர். சின்ன டர்போவுக்கு மூன்றரை, நான்கு லிட்டர் ஆயில் போதும். பிராண்டுக்குப் பிராண்டு விலை மாறினாலும், நல்ல ஃபுல் சிந்தெடிக், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து வெளியே மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் முடித்துவிடலாம். டர்போ மாற்ற வேண்டி வந்தால் பில் அரை லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். ஏழு எட்டு வருடம் வண்டியை வைத்திருக்கப் போகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தில் விற்கப் போகிறவர் ஷோரூம் கணக்கிலேயே போகட்டும். லாபம் அடுத்து வாங்குகிறவருக்குத்தான் போகும். (பழைய டர்போ வாங்குகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.)

இன்னொருவர் ஓய்வு பெற்றவர். கோயில், மார்க்கெட், சில்வர் பீச், பேத்தியின் பள்ளிக்கூடம். வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்தான். “நான் எங்கே சார் ஓட்டறேன்” என்று இரண்டு வருடம் ஆயிலைத் தொடாமல் இருப்பவர் இவர்தான். இவருடைய ஆயில்தான் மோசமாகக் கெடுகிறது. மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால் கூலண்ட் முள் நடுவுக்கு வந்திருக்கும். ஆனால் ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதைவிட நேரம் பிடிக்கும். எரியாத பெட்ரோலும் எரிதலில் வரும் ஈரமும் ஆயிலில் கலந்து, ஆவியாக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வந்தால் அதுதான் நடக்கிறது. இவர் கிலோமீட்டரை மறந்துவிட்டுக் காலண்டரைப் பார்க்க வேண்டும்: ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம். வாரத்துக்கு ஒரு தடவை நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி வரை ஓட்டிவிட்டு வந்தால் ஆயிலுக்கும் நல்லது. கரும்பு அரவைக் காலத்தில் மட்டும் அந்த ரோட்டுக்குப் போகாதீர்கள். டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தே திரும்ப வேண்டியிருக்கும்.

மழைக் காலத்துக்கு ஒரு தனி விதி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி எப்படி மிதந்தது என்று நமக்குத் தெரியும். அந்த மாதிரித் தண்ணீரில் வண்டி இறங்கியிருந்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் ரத்து. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, டோ வண்டிதான்.

கூலண்ட்: ஆயிலைவிட அலட்சியமாக நடக்கும் இடம்

இப்போதைய பெட்ரோல் டர்போக்களில் பெரும்பாலானவற்றில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றிக் கூலண்டும் ஓடுகிறது. வண்டியை நிறுத்திய பிறகும் சில கார்களில் ஒரு சின்ன மின்சார பம்ப் கூலண்டைச் சுற்றவைக்கும், ஃபேன் ஒன்றிரண்டு நிமிடம் இரையும். ஏதோ பழுது என்று பயந்து பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள். நிறுத்திய பிறகு டர்போவுக்குள் ஆயில் காய்ந்து கரியாவதைத் தடுக்க வைத்த ஏற்பாடே அதுதான்.

கூலண்டில் மூன்று வழி நடைமுறையில் இருக்கிறது. ரெடி மிக்ஸ் வாங்கி அப்படியே ஊற்றுவது, கான்சன்ட்ரேட் வாங்கித் தண்ணீர் கலப்பது, வெறும் தண்ணீர்.

வெறும் தண்ணீர் ஆட்களிடம் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சூட்டை எடுத்துச் செல்வதில் கூலண்டைவிடத் தண்ணீர் கெட்டிக்காரத்தனமானது. நமக்கு உறைபனியும் இல்லை. ஆனால் தண்ணீரும் கிளைகாலும் (கூலண்டின் அடிப்படைத் திரவம்) பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை சாதாரண அழுத்தத்திலேயே 107 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் அழுத்தத்தில் 125-ஐயும் தாண்டும். டர்போவை ஒட்டிய இடத்தில் வெறும் தண்ணீர் குமிழி விட ஆரம்பித்தால் அந்த இடத்தில் குளிர்ச்சியே போய்விடும். இதைவிடப் பெரிய விஷயம் துரு. கூலண்டில் இருக்கும் காப்புப் பொருள்தான் அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் அரிக்காமல் வைத்திருக்கிறது. கடலோரத்து போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் எப்படி என்று உங்கள் வீட்டுப் பாத்ரூம் குழாயே சொல்லும். அதே வெள்ளைப் படிமம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்தால் எடுக்கவே முடியாது.

ஒர்க்‌ஷாப்பில் கண்ணால் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். காலி கோலா பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து ரிசர்வாயரை நிரப்புவது ரொம்ப சகஜம். கெட்ட எண்ணத்தில் செய்வதும் இல்லை. ரிசர்வாயர் கூலண்ட் முதல் சர்வீஸுக்குப் பிறகு வெளுத்துக்கொண்டே வந்தால், டாப்-அப் என்ற பெயரில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. பழுப்பாக இருந்தால் துரு தொடங்கிவிட்டது.

என் தேர்வு ரெடி மிக்ஸ்தான், அதுவும் மேனுவலில் சொன்ன வகை. கான்சன்ட்ரேட் லிட்டர் கணக்கில் மலிவு. ஆனால் நல்ல டிஸ்டில்டு வாட்டர் தேடி, அளந்து, கலந்து ஊற்றும் பொறுமை உள்ளவருக்கே அது மிச்சம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது. நிறத்தைப் பார்த்து வாங்குவதும் வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரர்கள் போடும் சாயம். உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வேறு. ஒத்துப்போகாத இரண்டு வகை கலந்தால் காப்புச் சக்தி போய்க் கசடு கட்டலாம். வழியில் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தால் ஊற்றுங்கள், குற்றமில்லை. ஊருக்கு வந்ததும் முழுசாக மாற்றிவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

கூலண்ட் வேலையோடு சேர்த்து இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் கழுவச் சொல்லுங்கள். கடற்கரை ஓரம் நிற்கும் வண்டிகளில் உப்பும் மணலும் ஃபின்களுக்கு (மெல்லிய தகடுகளுக்கு) நடுவே அடைந்திருக்கும். கழுவுவது சாதாரணக் குழாய்த் தண்ணீரில், மெதுவாக. பிரஷர் வாஷர் முனையைக் கிட்டத்தில் கொண்டுபோனால் ஃபின்கள் மடங்கிவிடும், அப்புறம் காற்று போகாது.

பெட்ரோல், ஒரு நிமிடம், இன்ன பிற

கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் புதுச்சேரி பங்க்கில் பெட்ரோல் போடுவது விலை குறைவுக்காக. அதில் மிச்சமாகும் காசில் 95 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா என்று கேட்கிறார்கள். மேனுவலில் 91 போதும் என்று இருந்தால் தினசரி ஓட்டத்துக்கு அவசியம் இல்லை. இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-இல் எத்தனாலாலேயே ஆக்டேன் கூடியிருக்கிறது. ஆவியாகும்போது எத்தனால் கலவையைக் கொஞ்சம் குளிர்விக்கவும் செய்யும். அதற்கு விலையாக மைலேஜில் கொஞ்சம் போகும். மேனுவலில் 95 என்றே எழுதியிருந்தால் பேச்சே இல்லை, அதைத்தான் போட வேண்டும். இ20-க்கு முந்தைய காலத்து டர்போ வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாய்களையும் சீல்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்வது நல்லது. விலை கூடிய பெட்ரோலுக்கு மாதாமாதம் போகும் காசை ஒரு கூடுதல் ஆயில் சேஞ்சுக்குத் திருப்பினால் டர்போவுக்கு அதிகப் பலன்.

நிறுத்தும் முன் ஐடிலில், அதாவது நின்ற இடத்தில் இன்ஜினைச் சும்மா ஓட விடுவது பற்றி ஊரில் ஐந்து நிமிடம் என்பவரும் உண்டு, தேவையே இல்லை என்பவரும் உண்டு. மரப்பாலம் நெரிசலில் ஊர்ந்து வந்து வீட்டு வாசலில் நிறுத்துகிறவருக்குத் தனியாக விட வேண்டிய அவசியமில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவாக வந்ததே ஆறியதுதான். திண்டிவனத்திலிருந்து மிதித்து வந்து மொரட்டாண்டி தாண்டியதும் ஹோட்டல் வாசலில் திரும்பி டக்கென்று ஆஃப் செய்கிறவர் ஒரு நிமிடம் காத்திருக்கட்டும். கைப்பேசி, கண்ணாடி, செருப்பு என்று எடுத்து முடிப்பதற்குள் அந்த ஒரு நிமிடம் ஆகிவிடும். தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும் வசதி இருந்தால் அந்த மாதிரி ஓட்டத்துக்குப் பின் அதை அணைத்துவிடலாம். டர்போ டைமர் வாங்கி ஒயரிங்கை வெட்டுவது இப்போதைய வண்டிகளுக்குத் தேவையில்லாத வேலை.

காற்றை அதிகம் இழுக்கும் என்று விற்கும் துணி ஏர் ஃபில்டர் நம்ம மணல் ஊருக்கு ஆகாது என்பது என் கட்சி. டர்போவின் முன்சக்கரம் சுற்றும் வேகத்துக்குச் சின்ன மணல் துகளும் அரம்தான். கம்பெனி பேப்பர் ஃபில்டரைச் சொன்னதற்கு முன்பே மாற்றுவது மலிவும் பத்திரமும்.

கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா

வாரண்டி உள்ளவரை வருட சர்வீஸ் கம்பெனியில்தான். நடுவில் போடும் ஆயிலையும் அங்கேயே போடலாம்: “ஆயில், ஃபில்டர் மட்டும்” என்று சொல்லி ஜாப் கார்டில் அப்படியே எழுத வைத்தால் போதும். இன்ஜின் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ் என்று நீளும் பட்டியலுக்கு ஒரே பதில், “அடுத்த தடவை பார்க்கலாம்.” காசு கொஞ்சம் கூட, ஆனால் சரித்திரம் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். டர்போ தகராறு வரும்போது அதற்கு மதிப்பு உண்டு.

வாரண்டி முடிந்த பிறகு நான் வெளி மெக்கானிக் பக்கம்தான் சாய்வேன், இரண்டு நிபந்தனையோடு. ஆயிலை நீங்களே பில்லோடு, தெரிந்த டீலரிடம் வாங்க வேண்டும். போலி ஆயில் உண்மையான தொல்லை. சீல், தயாரிப்பு எண், மூடி எல்லாம் பாருங்கள், காலி டப்பாவைக் கையோடு எடுத்து வாருங்கள். இரண்டாவது, வேலை நடக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுகிறாரா, ஆயில் சொட்டு நின்ற பிறகுதான் மூடுகிறாரா, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுகிறாரா என்று பார்ப்பதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். ஆயில் அதிகமானாலும் டர்போ சீல் வழியாகக் கசிந்து புகை வரும். நல்ல மெக்கானிக் இதையெல்லாம் நீங்கள் பார்ப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். “அண்ணே, டர்போ பக்கம் ஆயில் கசிவு இருக்கா, ஒரு டார்ச் அடிச்சுப் பாத்துடலாமா” என்று கேட்டால் அவரே குனிந்து காட்டுவார்.

டர்போ டீசல்காரர்களுக்கு ஒரு வரி: இடைவெளிக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும், ஆனால் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டியில் சாம்பல் குறைந்த வகை ஆயில் அல்லாமல் வேறு போட்டால் டர்போவுக்கு முன் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே அறுபதாயிரம் கிலோமீட்டர் நீண்ட இடைவெளியில் ஓடிய வண்டியை இந்தக் கணக்குக்குக் கொண்டுவருகிறவர் இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றிச் சுத்தம் பண்ணப் பார்க்க வேண்டாம். பல வருடக் கசடு ஒரே நாளில் பெயர்ந்து ஆயில் பம்பின் வலையில் போய் அடைத்தால் அதுதான் பெரிய செலவு. மேனுவல் கிரேடு, ஏ.பி.ஐ. எஸ்.பி. ஆயில் ஊற்றி முதல் மாற்றத்தை நாலாயிரத்திலும், அடுத்ததை ஐயாயிரத்திலும் செய்யுங்கள். கசடு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபில்டருக்கு வந்து சேரும். இரண்டாவது மாற்றத்தின்போது டர்போவுக்கு ஆயில் போகும் அந்த மெல்லிய குழாயைக் கழற்றித் துவாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கரி ஏறியிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் புதுக் குழாயும் புது வாஷர்களும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு 7,500-க்குப் போங்கள்.